மக்ரோனிப் பெட்டியில் ஓடும் ரயில்

மூன்று நடிகர்கள், ஆளுக்கொரு மைக். ஒரு பக்கம் பியானோக்காரர். மறுபக்கம் மேசை நிறையத் தட்டுமுட்டுச் சாமான்களுடன் ஒருவர். பின்னால் பெரிய திரை. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் உருவான ‘தி இன்டர்கலாக்டிக் நெமிசிஸ்’ நிகழ்ச்சிக்குப் படைபலம் இவ்வளவுதான். பூமியின் மீது படையெடுக்கும் சேற்று அரக்கர்களை இதை வைத்தே சமாளித்துவிடுகிறார்கள்.

கதை நடப்பது 1933இல். மோலி ஸ்லோன் என்ற பத்திரிகை நிருபரும் அவருடைய உதவியாளன் டிம்மியும் ஒரு நூலகரும் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்ற வேண்டும். நிருபரும் நூலகரும்தான் வீரர்கள் என்பதிலேயே குறும்பு ஆரம்பித்துவிடுகிறது. 1996இல் ஒரு காபிக் கடையில் வெறும் வானொலி நாடகமாகத் தொடங்கியது இது. 2010இல் இயக்குநர் ஜேசன் நியூலாண்டர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காமிக்ஸ் ஓவியங்களைச் சேர்த்துப் பெரிய அரங்குக்குக் கொண்டுபோனார். இசை கிரஹாம் ரெனால்ட்ஸ்.

அந்த ஓவியங்கள் அசைவதே இல்லை. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. காமிக்ஸ் புத்தகத்தில் ‘டமால்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். சத்தத்தைப் படிக்கிறவர்தான் மனதுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். இங்கே சத்தம் மேடையிலேயே கிடைத்துவிடுகிறது. அசைவைத்தான் பார்க்கிறவர் சேர்த்துக்கொள்கிறார். திரையில் ரயில் அப்படியே நிற்க, மேசைக்காரர் மக்ரோனிப் பெட்டி ஒன்றை எடுத்துத் தாளம் தப்பாமல் குலுக்குகிறார். ரயில் கிளம்பிவிடுகிறது! சினிமாவில் இப்படிச் சத்தம் உண்டாக்கும் ஃபோலி கலைஞர் இருட்டு ஸ்டுடியோவுக்குள் ஒளிந்திருப்பார். இங்கே அவர் கண்ணெதிரே ஏமாற்றுகிறார், நாமும் தெரிந்தே ஏமாறுகிறோம். என் கணக்கில் கதாநாயகன் அவர்தான்.

இந்த மூவர் செய்வதுபோல ஒரே நடிகர் பல குரல்களில் பேசுவதும் புதிய வித்தையல்ல. 1940 பிப்ரவரியில் அமெரிக்க வானொலியில் சூப்பர்மேன் தொடர் ஆரம்பித்தபோது பட் காலியர் என்ற நடிகர் அதைச் செய்து காட்டினார். சூப்பர்மேனின் மாறுவேடமான சாதுவான கிளார்க் கென்ட்டாக மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருப்பார். வாக்கியத்தின் நடுவில் குரல் சட்டென்று கனத்து இறங்கும். உடை மாற்றமும் இல்லை, கண்ணாடியைக் கழற்றும் காட்சியும் இல்லை. ஆள் மாறிவிட்டான் என்பது கேட்டவர்களுக்குப் புரிந்துவிட்டது. வானொலி காமிக்ஸிடம் வாங்கியதோடு நிற்கவில்லை, திருப்பியும் கொடுத்தது. சூப்பர்மேனை வீழ்த்தும் கிரிப்டோனைட் 1943இல் முதலில் வந்தது வானொலியில்தான். காமிக்ஸுக்குப் போனது 1949இல்.

நெமிசிஸ் மேடையின் ஒரு பியானோவுக்கே இந்த ஆட்டம் என்றால், காமிக்ஸை முழு ஆர்க்கெஸ்ட்ராவிடம் கொடுத்தால்? அமெரிக்க இசையமைப்பாளர் மைக்கேல் டாகர்ட்டி கொடுத்தார். சூப்பர்மேனின் 50ஆம் ஆண்டான 1988இல் தொடங்கி 1993 வரை அவர் எழுதியது ‘மெட்ரோபோலிஸ் சிம்பொனி’, ஐந்து பகுதிகள் கொண்டது. வில்லன் லெக்ஸ் லூதருக்கு அவர் தந்த வாத்தியம் வயலின். வயலின் தலைதெறிக்க ஓட, தாளவாத்தியக்காரர்கள் நால்வர் நடுவர் விசிலை ஊதி ஊதித் துரத்துகிறார்கள். கோட்டு போட்ட சிம்பொனிக் கலைஞர்களைக் கன்னம் உப்ப விசிலடிக்க வைத்த துணிச்சலுக்கே ஒரு கைதட்டல் போடலாம்.

ஆனால் வெறும் கேலி இல்லை இது. கடைசிப் பகுதி ‘ரெட் கேப் டாங்கோ’, காமிக்ஸில் சூப்பர்மேன் இறந்த கதைக்குப் பிறகு எழுதப்பட்டது. இறந்தோருக்காகக் கத்தோலிக்கத் தேவாலயங்களில் பாடப்பட்டுவந்த ‘தியெஸ் ஈரே’ என்ற பழைய மெட்டை எடுத்து டாங்கோ நடனத் தாளத்தில் வைத்துவிட்டார் டாகர்ட்டி. துக்கமா, கூத்தா என்று முடிவு கட்டுவதற்குள் கால் தாளம் போட ஆரம்பித்துவிடுகிறது.