உங்களுக்குத் தெரியுமா? எறும்பை வைத்துக் குடலைத் தைத்தார்கள்!

ஸ்ட்ராத்ஃபீல்டில் பல் பிடுங்கப் போகிறீர்களா? தட்டில் கிடக்கும் இடுக்கியை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். அப்படிப்பட்ட பல் இடுக்கிகளை ஆயிரம் வருடத்துக்கு முன்பே படம் போட்டு விளக்கிவிட்டார் ஒருவர்! பெயர் அல் ஸஹ்ராவி. ஊர், ஸ்பெயினில் கொர்தோபா பக்கம்.

அவர் எழுதிய மருத்துவ நூல் 'அத்தஸ்ரீஃப்' மொத்தம் 30 பாகம்! கடைசிப் பாகம் முழுக்க அறுவை சிகிச்சை. அதில் வரைந்து காட்டிய கருவிகள் சுமார் 200!

அவற்றில் என்னை அசத்தியது மறைவுக் கத்திதான். சீழ்க்கட்டியைக் கீற வைத்தியர் வருகிறார். அலகு நோயாளியின் கண்ணிலேயே படாது! உறைக்குள் மறைந்திருக்கும். பயந்துவிடக் கூடாதே என்பதற்காகவே அப்படியொரு கத்தி. மயக்க ஊசி இல்லாத காலத்தில் என்ன ஒரு கருணை!

குடல் கிழிந்தால்? அவர் நூல் சொல்லும் வழி, எறும்பு! கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடிப்பார்கள். பெருந்தலை எறும்பைக் கடிக்க விடுவார்கள். கடித்ததும் உடலைக் கிள்ளி எறிவார்கள். தலை மட்டும் கிளிப் மாதிரி கவ்விக்கொண்டு நிற்கும்!

இதோ இன்னொன்று. அதே எறும்பு வைத்தியம் பழங்கால இந்திய வைத்தியரான நம் சுஸ்ருதர் நூலிலும் இருக்கிறது. அதுவும் பல நூற்றாண்டுகள் முன்பே!

சுஸ்ருதர் கணக்கில் மழுங்கிய கருவிகள் 101. கூரிய கருவிகள் 20. இடுக்கிகளுக்குச் சிங்கவாய், கரடிவாய், காகவாய் என்று பெயர்! 101இல் தலையாயது எது தெரியுமா? வைத்தியரின் கை!

அந்த நூலை அரபு மொழிக்குக் கொண்டுபோனவர் மன்கா என்ற இந்திய வைத்தியர். இடம் பாக்தாத். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பு!

அரபு மருத்துவத்தில் இன்னொருவர், மோசுல்காரரான கண் வைத்தியர் அம்மார். அவர் கண்புரையை எப்படி எடுத்தார்? துளையுள்ள உலோக ஊசியைக் கண்ணில் செலுத்தி, உறிஞ்சியே எடுத்தார்! 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்!

தஞ்சாவூர் மட்டும் சளைத்ததா? சரபோஜி மன்னரின் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தில் கண் அறுவை நடந்தது. நோயாளியின் கண்ணைப் படமாக வரைந்து குறிப்பும் எழுதி வைத்தார்கள். மன்னர் காலம் 1798 முதல் 1832 வரை!

யாழ்ப்பாணத்தவரே, இது உங்களுக்கு! மானிப்பாயில் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவருடைய முயற்சியில் 'இரண வைத்தியம்' என்ற அறுவை சிகிச்சை நூல் தமிழில் வந்துவிட்டது. ஆண்டு 1867!

மெல்பேர்ன் போகிறீர்களா? ஸ்பிரிங் வீதியில் அறுவை மருத்துவர்களின் ராயல் ஆஸ்திரலேசியக் கல்லூரி இருக்கிறது. அங்கே சிலையாக இருப்பவர் யார் தெரியுமா? சாட்சாத் சுஸ்ருதர்!