இரண்டு சனிக்கிழமையும் ஒரு சே குவேராவும்

தம்பியிடம் ஒரு கறுப்பு டி-சட்டை இருக்கிறது. கிள்ளான் பக்கம் ஓர் இரவுச் சந்தையில் வாங்கியது. நெஞ்சுப் பகுதியில் ஒரு முகம். தாடி, தொப்பி, தொப்பியில் ஒரு நட்சத்திரம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளில், லோரியின் பின்பக்கத்தில், கைப்பேசி உறையில் என்று நம் ஊரில் எங்கும் இருக்கும் முகம்தான் அது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அப்பா கேட்டார்.

"யாருடா இவரு? ரெண்டு வருஷமா உன் சட்டையில உட்கார்ந்திருக்காரு. நமக்கு அறிமுகமே இல்லையே?"

"சே குவேரா பா. புரட்சியாளர்."

"எந்த ஊரு? என்ன செஞ்சாரு?"

"கியூபா" என்றான் தம்பி. அதோடு நின்றுவிட்டான்.

அர்ஜெண்டினாவில் 1928இல் பிறந்தவர், மருத்துவம் படித்தவர் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் எனக்கும் கோவையாகச் சொல்ல வரவில்லை. ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். ஹவானா துறைமுகத்தில் கப்பல் வெடித்து இறந்தவர்களுக்காக 1960 மார்ச் 5ஆம் தேதி நடந்த இரங்கல் நிகழ்ச்சியில் அல்பெர்த்தோ கோர்டா எடுத்த படம் அது என்பது எனக்குத் தெரியும். அந்தப் படம் எப்படி உலகமெல்லாம் பரவியது என்றுகூடப் படித்திருக்கிறேன். படத்தில் இருப்பவர் எப்படி வாழ்ந்தார் என்று உட்கார்ந்து படித்ததில்லை.

"சரி, படமாவது பார்ப்போம்" என்றேன். ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய 'சே' 2008இல் கான் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. சேவாக நடித்த பெனிசியோ டெல் தோரோவுக்கு அங்கே சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. இரண்டு பாகங்களும் சேர்ந்து நாலே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரே இரவில் வேண்டாம், இரண்டு சனிக்கிழமைகளில் பார்ப்போம் என்று வீட்டில் முடிவானது.

முதல் சனிக்கிழமை அம்மா மீகூன் பிரட்டி வைத்தார். படம் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் இருக்கிறது. கீழே ஆங்கிலத்தில் வரும் எழுத்தை அப்பாவால் அந்த வேகத்தில் வாசிக்க முடியாது. அதனால் நான் வசனம் வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். வானொலியில் பேசிப் பேசிப் பழகிய வாய்க்கு அன்று சோபாவிலும் ஓய்வில்லை.

முதல் பாகம் வென்ற கதை. மெக்சிகோவில் ஃபிடல் காஸ்ட்ரோவைச் சந்திக்கிறார் சே. 1956 நவம்பரில் 82 பேர் 'கிரான்மா' என்ற சிறிய படகில் கியூபாவுக்குப் புறப்படுகிறார்கள். கரை இறங்கிய சில நாட்களிலேயே ராணுவத்தின் தாக்குதல். தப்பி மலைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய இருபது பேர். அந்தச் சிறு கூட்டம் வளர்ந்து, 1958 டிசம்பர் கடைசியில் சாந்தா கிளாரா நகரைப் பிடிப்பதுவரை படம் போகிறது. நடுநடுவே கறுப்பு வெள்ளையில் 1964 நியூயார்க் காட்சிகள் வருகின்றன. சே ஐக்கிய நாடுகள் சபையில் பேசப் போன பயணம் அது.

சண்டைப் படம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்த தம்பி, மூச்சு வாங்கும் ஒரு மனிதரைத்தான் அதிகம் பார்த்தான். சேவுக்குக் கடுமையான ஆஸ்துமா. மலை ஏற முடியாமல் நின்று நின்று போகிறார். காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத போராளிகளைப் படிக்கச் சொல்கிறார். புரட்சியின் பெயரைச் சொல்லி ஏழைகளின் வீட்டில் கொள்ளையடித்து, பெண்ணைக் கெடுத்த தன் பக்கத்து ஆட்களுக்கே மரண தண்டனை கொடுக்கிறார்.

கடைசியில் ஹவானாவை நோக்கிப் போகும் வழியில், ஒரு போராளி யாரோ ஒருவருடைய காரை எடுத்துக்கொண்டு உல்லாசமாக வருகிறான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று விரட்டுகிறார் சே.

"அடுத்தவன் பொருள் வேணாம்னு சொன்னாரு பாரு. அந்த ஒண்ணுக்கே இவரை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அம்மா. தம்பி சட்டையைத் தடவிக்கொண்டான். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

இடையில் இருந்த வாரத்தில் நான் தேடிப் படித்தேன். இரண்டு பாகங்களுக்கும் நடுவில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. நியூயார்க் காட்சிகளை விட்டால், அதில் பெரும்பகுதியைப் படம் தாண்டிப் போய்விடுகிறது. சே கியூபாவின் மத்திய வங்கிக்குத் தலைவராக இருந்தது, தொழில் துறை அமைச்சரானது, 1965இல் காங்கோவுக்குப் போய்த் தோற்றுத் திரும்பியது எதுவும் விரிவாக இல்லை. முக்கியமாக, 1959இல் ஹவானாவின் லா கபானா கோட்டை அவர் பொறுப்பில் இருந்தபோது, பழைய ஆட்சியின் ஆட்கள் பலர் அவசர விசாரணைக்குப் பின் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதையும் இந்தப் படத்தில் பார்க்க முடியாது. மரண தண்டனைகள் நடந்ததை ஐக்கிய நாடுகள் சபையில் சேவே மறைக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

புதன்கிழமை இதைச் சொன்னபோது தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "அப்படின்னா அவர் நல்லவரா இல்லையாக்கா?" என்றான். இருபத்து நான்கு வயதுப் பையன் குழந்தைபோல் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை படம் தொடங்கியதுமே ஒரு மாற்றம். முதல் பாகத்தில் திரையின் மேலும் கீழும் இருந்த அகலமான கறுப்புப் பட்டைகளைக் காணோம். அகன்ற கியூபா போய், நெருக்கமான பொலிவியா வந்துவிட்டது. வண்ணங்கள் மங்கி, கேமரா ஆட்களோடு சேர்ந்து காட்டுக்குள் தடுமாறி நடக்கிறது. தலையில் வழுக்கை, கண்ணில் கண்ணாடி, கையில் போலிக் கடவுச்சீட்டு என்று 1966 நவம்பரில் பொலிவியாவுக்குள் நுழைகிறார் சே. அதே கண்டிப்பு, அதே ஆஸ்துமா, அதே நம்பிக்கை. ஆனால் இங்கே எதுவும் கூடிவரவில்லை. உள்ளூர்க் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கைவிரித்துவிடுகிறார். விவசாயிகள் பயந்த கண்களோடு பார்க்கிறார்கள். வந்து சேர மாட்டேன் என்கிறார்கள். சே தன் நாட்குறிப்பில் மாதாமாதம் எழுதி வருந்திய விஷயம் இது.

ஹொனொராத்தோ என்ற விவசாயியின் குடிசைக்குப் போராளிகள் வருகிறார்கள். உணவுக்குப் பணம் கொடுக்கிறார்கள், பிள்ளைகளை அன்பாக விசாரிக்கிறார்கள். பிறகு ராணுவம் அதே மனிதரைப் பிடிக்கிறது. 1967 ஆகஸ்டு 31, அவர் காட்டிய ஆற்றுத் துறையில் இறங்கிய போராளிக் குழுவை, மறைந்திருந்த ராணுவம் சுட்டு வீழ்த்துகிறது.

"துரோகி!" என்றான் தம்பி.

"நிறுத்துமா" என்றார் அப்பா. படத்தைத்தான் சொல்கிறார் என்று புரிந்து நிறுத்தினேன்.

அப்பா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 1953இல் பிறந்தவர். 1948இல் தொடங்கி 1960இல் முடிந்த அவசரகாலத்தின் நடுவில். அவர் சொன்னது பாட்டியின் கதை.

"கம்முனிஸ் காலம்னு சொல்லுவாங்க. நான் பொறக்கிறதுக்கு முன்னால ஒரு ராத்திரி, எங்கம்மா இருந்த லயத்து வீட்டுப் பின்கதவைத் தட்டியிருக்காங்க. மூணு பேரு. அரிசி கேட்டாங்க. அரிசியே ரேஷன்தான், அளந்துதான் கிடைக்கும். இருந்ததைக் கொடுத்துட்டு, அந்த வாரம் பூரா மரவள்ளிக் கிழங்கு அவிச்சுச் சாப்பிட்டாங்களாம். ஒருத்தன் 'தெரிமா காசே'ன்னு சொல்லிட்டுப் போனானாம். ரெண்டு நாள் கழிச்சுப் பட்டாளத்துக்காரன் வந்து எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சான். யார் சோறு போட்டதுன்னு கேட்டான். அம்மா வாயே திறக்கலை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். அவரும் சொல்லலை. சொல்லியிருந்தா?" அப்பா தம்பியைப் பார்த்தார். "அவர் துரோகியா? அவருக்கும் நாலு பிள்ளைங்கடா."

அந்தக் காலத்தில் பால் மரம் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகாமல் வாசலில் சோதனை போட்டதையும், தகர டப்பாவில் ஓட்டை போட்டு விற்றதையும் நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போகக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் என் பாட்டியின் பின்கதவு அதில் வந்ததில்லை. பாட்டி இறந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன. ஊரில் உள்ள பெரியவர்களையெல்லாம் நிலையத்துக்கு அழைத்துப் பேட்டி எடுத்திருக்கிறேன். என் வீட்டுப் பெரியவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

மீதிப் படத்தைப் பேசாமல் பார்த்தோம். 1967 அக்டோபர் 8ஆம் தேதி சே பிடிபடுகிறார். மறுநாள் லா ஹிகேரா என்ற சிற்றூரின் பள்ளிக்கூட அறையில் சுட்டுக்கொல்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 39. கேமரா அவர் கண்ணாகவே மாறித் தரையில் சாய்கிறது. அந்த இடத்தில் தமிழாக்கம் செய்ய எனக்கு வசனமும் இல்லை, குரலும் இல்லை.

படம் முடிந்ததும் அப்பா கேட்ட ஒரே கேள்வி: "அந்த ஹொனொராத்தோ என்ன ஆனாரு?"

தேடிப் பார்த்தேன். 1969இல், எஞ்சியிருந்த கெரில்லாக்கள் பழிவாங்க அவரைக் கொன்றுவிட்டார்கள். முதலில் ராணுவம் பிடித்தது, பிறகு இவர்கள். அப்பா தலையை ஆட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

'சே' குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். நடுவில் விட்டதை நாம்தான் தேடி நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆனால் முதல் பாகத்தை மட்டும் பார்த்தவருக்கு ஒரு வீரர் கிடைப்பார். இரண்டாவதையும் பார்த்தவருக்கு, அந்த வீரர் வந்து தட்டும் கதவும், கதவுக்குப் பின்னால் நிற்கும் குடும்பமும் சேர்ந்து கிடைக்கும். புரட்சியாளர் எவராக இருந்தாலும் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் நல்லவரா என்று தம்பி கேட்ட கேள்விக்கு அதுவே முழுப் பதில் ஆகாது. கேள்வியைச் சரியாகக் கேட்க அது உதவும்.

நீங்களும் பார்ப்பதாக இருந்தால் இரண்டு இரவுகளாகப் பிரித்துப் பாருங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல, வளர்ந்த பிள்ளைகளோடு பார்க்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் "நிறுத்து" என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

தம்பி இன்னமும் அந்தச் சட்டையைப் போடுகிறான். போன வாரம் உணவங்காடியில் அவனுடைய கூட்டாளி, "யாருடா இவரு?" என்று கேட்டான். பக்கத்தில்தான் இருந்தேன். தே தாரேக் ஆறிப்போகும்வரை தம்பி கதை சொன்னான். பாட்டியின் பின்கதவிலிருந்து தொடங்கினான்.