கோழிக்கூட்டில் ஐந்து விரல் தடம்

துர்கா பூஜை முடிந்த வாரம். விடியற்காலையில் கூட்டைத் திறந்தபோது, நாங்கள் வளர்த்த ஒன்பது கோழிகளில் ஏழு கழுத்து கடிபட்டு இறந்து கிடந்தன. ஒன்றின் நெஞ்சுப்பகுதி மட்டும் சிறிது தின்னப்பட்டிருந்தது. மற்றவற்றைக் கொன்றதோடு சரி. எஞ்சிய இரண்டும் மூலைக் கம்பின்மேல் ஒடுங்கி நின்றன. அன்று முழுதும் அவை கீழே இறங்கவில்லை.

பணிமாற்றம் எங்களை மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கொண்டு சேர்த்திருந்த காலம் அது. வாடகை வீட்டின் பின்புறம் ஒரு குளம்; குளத்துக்கு அப்பால் நாணல் அடர்ந்த சதுப்புநிலம். நம் ஊர்களில் வீட்டுக்கு ஒரு கிணறு இருந்ததைப் போல அங்கே வீட்டுக்கு ஒரு குளம். வீட்டின் உரிமையாளரான மூதாட்டியை, ஊரார் அழைப்பதைப் போலவே நாங்களும் ‘மாஷிமா’ என்று அழைத்தோம். சின்னம்மா, பெரியம்மா என்னும் உறவுக்கு அவர்கள் வழங்கும் சொல் அது. அவருக்குக் குளத்து மீன்தான் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி.

இறந்த கோழிகளைக் கண்டதும் அவர் சொன்ன முதல் சொல், “பாக்ரோல்!”

மீன்பிடிப் பூனைக்கு வங்காளத்தில் வழங்கும் பெயர் அது. வீட்டுப் பூனையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உடல், சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகள், குட்டையான வால், விரல்களிடையே ஓரளவு சவ்வு. நீருக்கு அஞ்சாத பூனை. சிறுத்தைக் குட்டியென்றும் புலிக்குட்டியென்றும் எண்ணி மக்கள் அதைத் துரத்துவது அடிக்கடி நடக்கிறது. மேற்கு வங்கத்தின் மாநில விலங்கும் அதுவே என்பதை நாங்கள் பின்னர்தான் அறிந்தோம். மாஷிமாவின் கணக்கில் அது ஏற்கெனவே ஒரு குற்றவாளி. அவ்வாண்டு அவர் விட்ட மீன்குஞ்சுகளில் பாதிகூடத் தேறவில்லை.

எதிர்வீட்டு இளைஞர் ஒருவர் பயிருக்கு அடிக்கும் மருந்துப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். மீனின் வயிற்றில் வைத்துக் கரையில் போட்டால் ஒரே இரவில் தொல்லை தீரும் என்றார். ஏழு கோழிகளைப் பறிகொடுத்த கோபத்தில் நாங்களும் சற்றுத் தடுமாறினோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஒருநாள் பொறுக்கும்படி மாஷிமாவிடம் கேட்டுக்கொண்டு வனத்துறைக்குத் தகவல் தெரிவித்தோம்.

மாலையில் வந்த வனக்காவலர் முதலில் எங்களைக் கடிந்துகொண்டார். கோழிகளைக் கூட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட்டோம், நல்லவேளையாகப் புதைக்கவில்லை. எந்த விலங்கு வந்தது என்பதைச் சொல்வது இறந்த உயிரும் அது கிடந்த இடமும்தான் என்றார் அவர். நரியோ காட்டுப்பூனையோ வந்தால் பெரும்பாலும் ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு போகும். இறகுகள் வழிநெடுகச் சிதறியிருக்கும். பாம்பு வந்தால் முட்டையோ குஞ்சோ சுவடின்றி மறையும். பெருச்சாளி குஞ்சுகளை வளைக்குள் இழுத்துச் செல்லும். வல்லூறும் கீரியும் பகலில் வருபவை. இரவில் நடந்ததற்கு அவற்றைக் குறைசொல்ல இயலாது. மூடிய அறைக்குள் கோழிகள் படபடத்து ஓட, வந்த விலங்கு வெறிகொண்டு கடித்துக்கொண்டே போவதும் உண்டு. தின்பதற்காக வந்தது, திறந்த வெளியாயின் ஒன்றோடு போயிருக்கும்.

பிறகு அவர் கூட்டின் பின்சுவரைக் காட்டினார். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே நாலு விரற்கடை இடைவெளி. அதன் கீழே, சுண்ணாம்பு பூசிய சுவரில் சேற்றுக்கால் தடம். எண்ணிப் பார்க்கச் சொன்னார். ஐந்து விரல்கள். பூனை இனம் எதுவாயினும் தடத்தில் நான்கு விரல்தான் பதியும். இது மரநாய் என்றார். கூரையில் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சமும் கிடந்தது. பழம் தின்று வாழும் பிராணிதான்; கதவு திறந்திருக்கும் கடையில் யாரும் நுழைவதைப்போல அதுவும் நுழைந்திருக்கிறது.

நாங்கள் கூட்டைக் கட்டிய விதத்தை இப்போது நினைத்தால் நாணமாகவே இருக்கிறது. கடையில் ‘கோழிவலை’ என்று கேட்டு வாங்கிய அறுகோணக் கண் கம்பிவலையை முன்புறம் அடித்திருந்தோம். அந்த வலை கோழியை உள்ளே நிறுத்தும்; பிற விலங்கை வெளியே நிறுத்தாது. மெல்லிய கம்பியை நாயோ நரியோ பல்லால் இழுத்தே கிழித்துவிடும். வேண்டியது அரை அங்குலக் கண் கொண்ட, பற்றவைத்த கனமான கம்பிவலை. அதையும் ஆணியால் அடிப்பது போதாது. மரச்சட்டத்தை மேலே வைத்துத் திருகாணியால் இறுக்க வேண்டும். தோண்டி நுழையும் விலங்குகளைத் தடுக்க, வலையின் அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்து, தரையோடு தரையாக ஓரடி அகலத்துக்குப் பரப்பி மண்ணிட்டு மூட வேண்டும். சுவரோரமாகத் தோண்டத் தொடங்கும் விலங்கு அந்த வலையில் முட்டிக்கொள்ளும். சற்றுப் பின்னால் வந்து தோண்ட அதற்குத் தோன்றாது. தாழ்ப்பாள் தட்டினால் திறப்பதாக இருக்கக் கூடாது. கொக்கியோடு ஒரு முள்ளாணியும் செருக வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்று வேண்டும், ஆயின் அந்த இடைவெளியும் வலைக்குள் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்தோம். ஆன செலவு நாங்கள் இழந்த ஏழு கோழிகளின் விலையைவிடக் குறைவு. இவை யாவற்றினும் முதன்மையானது, பொழுது சாயுமுன் கோழிகளை அடைத்து எண்ணிப் பார்ப்பது. எத்தனை நல்ல கூடாயினும், ஒருநாள் மாலை கதவை மூட மறந்தால் அந்த ஒருநாள் போதும்.

இது ஹவுராவுக்கு மட்டும் உரியதன்று. லடாக்கில் ஆடுகளை அடைக்கும் தாழ்ந்த கற்சுவர்ப் பட்டிகளுக்குள் பனிச்சிறுத்தை குதித்துவிட்டால் ஒரே இரவில் பல ஆடுகள் மடியும், இதே வெறிதான். பட்டிக்குமேல் கம்பிவலைக் கூரையும் இறுக்கமான கதவும் அமைத்துக் கொடுத்த இடங்களில் அந்த இழப்பும், பனிச்சிறுத்தையைப் பழிதீர்த்துக் கொல்லும் வழக்கமும் ஒருசேரக் குறைந்தன. புணே மாவட்டத்தின் ஜுன்னர் வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைகள் வாழ்கின்றன. அங்கே திண்ணையில் கட்டிய நாயும் திறந்த கொட்டகையில் நிற்கும் ஆடும்தான் அவற்றுக்கு எளிய இரை. வீட்டு நாய்க்குச் சோற்றை இரவில் வெளியே வைப்பதும், எச்சில் இலைகளை வேலியோரம் கொட்டுவதும் தெருநாய்களை அழைக்கும். தெருநாய்களைத் தேடிச் சிறுத்தையும் வரும்.

கூடு முடிந்தது, குளம் எஞ்சியிருந்தது. மாஷிமா ஒரு பள்ளிக்கூட நோட்டில் கணக்கு வைத்திருந்தார். மழைக்கு முன் கட்லா, ரோகு, மிர்கால் விரலளவுக் குஞ்சுகள் நானூறு விட்டதாக அதில் இருந்தது. பூஜைக்கு முன் வீச்சுவலை போட்டுப் பார்த்ததில் இருநூறுகூட இருக்காது என்று மீனவர் மதிப்பிட்டிருந்தார். வங்கியில் இருப்பு குறைந்தால் நாங்கள் என்ன செய்வோமோ அதையே செய்தோம்: எந்த நாளில் எவ்வழியாக வெளியேறியது என்று தேடினோம். வனக்காவலரும் மறுவாரம் உடன் வந்தார்.

கரைச் சேற்றில் நான்கு விரல் தடங்கள் இருக்கத்தான் செய்தன. பாக்ரோல் வருகிறது, மீன் பிடிக்கிறது, அதில் ஐயமில்லை. ஆயின் ஒரு விலங்கு ஓரிரவில் எத்தனை மீனைத் தின்ன முடியும்? குளத்தின் தென்மேற்கு மூலையில் வடிகுழாய் இருந்தது. அதன் வாயில் கட்டியிருந்த வலை கிழிந்து தொங்கியது. ஆவணி மழையில் குளமும் சதுப்பும் ஒன்றான நாள்களில் மீன்கள் அவ்வழியே போய்விட்டன. மேலும், மேகமூட்டமான இரவுகளுக்குப் பின் விடியலில் நீரில் உயிர்வளி குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் அதைவிட வசதி வேறில்லை. அவ்வாறு செத்து மிதந்த மீனைப் பூனை தின்றால், பார்ப்பவர் கண்ணுக்குப் பூனை கொன்ற மீனாகவே அது தோன்றும்.

வடிகுழாய்க்கு இரும்புச் சல்லடை போட்டோம். தாழ்ந்திருந்த கரையை உயர்த்தினோம். மீன்பிடிப் பூனை ஆழமற்ற ஓரத்தில் பதுங்கி நின்று பிடிக்கும் விலங்கு. ஆகவே ஓரச் சேற்றை வெட்டி, கரையிலிருந்தே ஆழம் தொடங்குமாறு செய்தோம். தீவனத்தை மாலையில் கரையோரம் தூவுவதை நிறுத்தி, காலையில் குளத்தின் நடுவே மூங்கில் தட்டில் வைக்கலானார் மாஷிமா. பறவைகளுக்காகக் குளத்தின் குறுக்கே ஓரடிக்கு ஒன்றாக நைலான் இழைகளை இழுத்துக் கட்டினோம். வலையாகப் போர்த்துவதானால் அது தொய்வின்றி இறுக்கமாக இருக்க வேண்டும். தொய்ந்த வலையில் பறவையும் சாரைப்பாம்பும் சிக்கி இறப்பதை அங்கேயே வேறொரு குளத்தில் கண்டோம். அடுத்த பருவத்துக்குச் சிறு குஞ்சுகளை நேரே விடாமல், வலையடைத்த ஒரு மூலையில் வளர்த்துப் பெரிதானபின் விடுவதென்றும் முடிவாயிற்று. மீன்கொத்தியும் தண்ணீர்ப்பாம்பும் விழுங்க முடியாத அளவுக்கு மீன் வளர்ந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மாடியில் சிறு தொட்டி வைத்து வண்ணமீன் வளர்க்கும் நகர வாசகர்களுக்கும் இது பொருந்தும். இரண்டடிக்குக் குறையாத ஆழமும், மீன் ஒளிந்துகொள்ள அடியில் ஓர் உடைந்த மண்குழாயும் இருந்தால் மீன்கொத்தி பெரும்பாலும் ஏமாந்தே போகும்.

அந்த மருந்துப் பொட்டலத்தைப் பற்றிச் சில சொற்கள். மீன்பிடிப் பூனை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. மரநாய்க்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, நஞ்சு வைத்த மீனைப் பூனைதான் தின்னும் என்று யார் உறுதி கூற முடியும்? வீட்டு நாய், வாத்து, பருந்து எதுவும் தின்னலாம். குளத்தில் விழுந்தால் அந்த மீன் சந்தைக்கும் வரும். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது இன்னும் கொடிது; இரவில் அதைத் தொடுவது பக்கத்து வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

பணத்தின் பக்கமும் சிறிது. 2018-19ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட அறிவிப்பின்படி கிசான் கடன் அட்டை வசதி கால்நடை வளர்ப்போருக்கும் மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. குஞ்சு, தீவனம் போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு உங்கள் கிளையில் விசாரிக்கலாம். ஆடு மாடுகளுக்குக் காப்பீடு செய்தவர்கள் காதுத் தோடு கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வனவிலங்கால் கால்நடை இறந்தால் உடலைப் புதைக்குமுன் படம் எடுத்து, வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வனத்துறையின் இழப்பீட்டு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சான்று இல்லாத கோரிக்கை எங்கும் நகராது.

எதிர்வீட்டு இளைஞர் பொட்டலத்தைத் திரும்ப எடுத்துச் சென்றார், சற்று மனத்தாங்கலோடுதான். மறு ஆண்டு அவரே தம் தாயாரின் கோழிக்கூட்டுக்கு எந்த வலை வாங்குவது என்று கேட்டு வந்தார்.

அதற்கடுத்த கோடையில் எங்களுக்கு மீண்டும் மாற்றல் உத்தரவு வந்தது. அன்று பிழைத்த இரண்டு கோழிகளும் அதற்குள் பதினொன்றாகியிருந்தன. கூட்டோடு அவற்றை மாஷிமாவிடமே விட்டுவந்தோம். இப்போதும் தொலைபேசியில் பேசுகையில் அவர் முதலில் கோழிக்கணக்கைச் சொல்வார், பிறகு மீன்கணக்கை. கரையில் நான்கு விரல் தடம் பார்த்த நாள்களையும் நோட்டில் தனியே குறித்துவைக்கிறாராம். சென்ற மாதம் ஆறு நாள்.