கணினி வரைபடமும் திருத்தக் கட்டளைகளும்

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், இஸ்கண்டார் புத்ரி, பாசீர் கூடாங் போன்ற இடங்களில் வரிசை வீடுகளும் கடைகளும் தொழிற்சாலைகளும் பெருகியுள்ளன. இவற்றுள் எந்தக் கட்டடமும் முதல் செங்கல் வைக்கப்படுவதற்கு முன்பே வரைபடத்தில் எழுந்து நின்றிருக்கும். கொத்தனாரும் மின்பணியாளரும் குழாய் பொருத்துநரும் அந்த வரைபடத்தைப் பார்த்தே வேலை செய்கின்றனர். எனவே, வரைபடம் வெறும் படமன்று. கட்டுவோருக்கு இடப்படும் ஆணையாகும்.

முன்னாளில் இவ்வரைபடங்கள் கையால் வரையப்பட்டன. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. அத்தகைய பெரிய கட்டுமானங்களுக்குக்கூட அன்றைய வரைவாளர்கள் அளவுகோல், கவராயம், மைப்பேனா ஆகியவற்றையே நம்பியிருந்தனர். மையால் வரைந்த கோடு தவறிவிட்டால், அதைக் கூரிய கத்தியால் மெல்லச் சுரண்டி எடுப்பர். ஒரு சுவரின் இடம் மாறினால் பல மணி நேர உழைப்பு வீணாகும். சில வேளைகளில் முழுத் தாளையும் மீண்டும் வரைய நேரிடும்.

இந்நிலையை மாற்றும் வழியை 1963ஆம் ஆண்டு ஐவன் சதர்லேண்ட் காட்டினார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அவர், ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் கணினித் திரையில் கோடுகளை வரையவும், வரைந்தவற்றை நகர்த்தவும் படியெடுக்கவும் அழிக்கவும் அதில் முடிந்தது. 1982ஆம் ஆண்டு ‘ஆட்டோகேட்’ என்னும் மென்பொருள் வெளிவந்தபின், மேசைக் கணினியிலும் இவ்வேலையைச் செய்யும் வாய்ப்புப் பரவலானது. இன்று மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் தொழில்நுட்ப வரைகலை பயிலும் மாணவர்களும் இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் பொறியியல் பயில விரும்புவோருக்கு இது அடிப்படைத் திறனாகும்.

கணினி வரைதலைக் கற்கத் தொடங்குவோர் கோடு, வட்டம், செவ்வகம் ஆகியவற்றை வரைவதுதான் முக்கியம் என எண்ணுவதுண்டு. ஆனால், தேர்ந்த வரைவாளரின் நேரத்தில் பெரும்பகுதி திருத்தக் கட்டளைகளிலேயே செல்கிறது. பத்து வரிசை வீடுகளுக்கான தரைத்தளப்படம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இது தெளிவாகும்.

முதலில், ஒரு வீட்டின் சுவருக்கு ஒரு கோடு வரையப்படுகிறது. சுவரின் தடிப்பு 115 மில்லிமீட்டர் எனில், ‘ஆஃப்செட்’ கட்டளையில் அந்த எண்ணைத் தட்டச்சு செய்தால் போதும். முதல் கோட்டுக்கு இணையாக, அதே தொலைவில் இரண்டாவது கோடு தோன்றும். இரு சுவர்கள் சந்திக்கும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை ‘டிரிம்’ கட்டளை வெட்டி நீக்கும். எட்டாமல் நிற்கும் கோட்டை ‘எக்ஸ்டெண்ட்’ கட்டளை அடுத்த கோடுவரை நீட்டும். 900 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு குறுக்குக் கோடுகளை அமைத்து, அவற்றின் நடுவே உள்ள சுவர்ப்பகுதியை வெட்டினால் கதவுக்கான வழி கிடைத்துவிடும்.

ஒரு வீடு முடிந்ததும் ‘மிரர்’ கட்டளை துணைக்கு வருகிறது. கண்ணாடியில் உருவம் இடம்வலம் மாறித் தெரிவதுபோல, இக்கட்டளை ஒரு நடுக்கோட்டின் மறுபுறத்தில் அதே வீட்டைத் திருப்பி அமைக்கும். இரு வீடுகளுக்கும் பொதுவான சுவரின் மையமே இங்கு நடுக்கோடாகும். பின்னர், ‘காப்பி’ கட்டளையால் அந்த இணை வீடுகளை மேலும் நான்கு முறை படியெடுத்தால் பத்து வீடுகளும் வரிசையாக நிற்கும். கையால் வரைந்தால் பல நாள் ஆகக்கூடிய இவ்வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இடம் மாற்ற ‘மூவ்’, திருப்ப ‘ரொட்டேட்’, அழிக்க ‘இரேஸ்’ ஆகிய கட்டளைகளும் உள்ளன. ‘ஸ்கேல்’ கட்டளையை மட்டும் எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதால் அதன் அளவு மாறுவதில்லை. ‘ஸ்கேல்’ கட்டளையோ பொருளின் உண்மையான அளவையே மாற்றிவிடும்.

கட்டளைகள் பல என்றாலும் அவற்றைப் பயன்படுத்தும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, எந்தப் பொருள் மாற வேண்டும் என்பதைக் காட்ட வேண்டும். அதன்பின், எந்தப் புள்ளியிலிருந்து, எவ்வளவு தொலைவு அல்லது கோணம் என்பதைத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் மென்பொருள் அடுத்த விவரத்தைக் கேட்கும். அந்தக் கேள்வியைப் படிக்காமல் சுட்டியைச் சொடுக்குவதே தொடக்க மாணவர்கள் பலர் செய்யும் தவறு. கண்ணளவில் புள்ளியைக் காட்டினால், திரையில் இணைந்ததுபோல் தோன்றும் இரு கோடுகளுக்கிடையே சிறு இடைவெளி இருக்கக்கூடும். கோட்டின் முனையைச் சரியாகப் பற்றிக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தினால் இக்குறை நேராது.

இக்கட்டளைகள் நல்லதைப் பெருக்குவதுபோலப் பிழையையும் பெருக்குகின்றன. மேற்கண்ட வீட்டில் பொதுச் சுவரின் தடிப்பு 115 மில்லிமீட்டருக்குப் பதிலாக 150 மில்லிமீட்டர் எனத் தவறாக உள்ளிடப்பட்டதாகக் கொள்வோம். ஒரு பொதுச் சுவருக்கு 35 மில்லிமீட்டர் கூடுகிறது. திரையில் அது கண்ணுக்கே தெரியாது. பத்து வீடுகளாகப் படியெடுக்கும்போது, அவற்றுக்கிடையே உள்ள ஒன்பது பொதுச் சுவர்களிலும் சேர்த்து அந்தப் பிழை 315 மில்லிமீட்டர் ஆகிறது. கடைசி வீடு நிலத்தின் எல்லையைத் தாண்டிவிடும். பின்செல்லும் கட்டளையான ‘அண்டூ’ திரையில் உள்ள பிழையை நொடியில் நீக்கும். கட்டி முடித்த சுவரை அது நீக்காது.

பெரிய நிறுவனங்களும் இத்தகைய சிக்கலுக்குத் தப்பவில்லை. ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ380 விமானம் ஒன்றில் ஏறக்குறைய 530 கிலோமீட்டர் நீள மின்கம்பிகள் உள்ளன. ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்த வடிவமைப்புக் குழுக்கள் ஒரே வரைவு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தின. ஒருபுறம் செய்யப்பட்ட திருத்தங்கள் மறுபுறத்தில் சரிவரப் பதிவாகவில்லை. விமானத்தைப் பூட்டும்போது சில கம்பிகள் நீளம் போதாமல் நின்றன. ஓராண்டுக்கும் மேலான தாமதத்திற்குப் பிறகே, 2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. கட்டளையை நிறைவேற்றுவது கணினியின் வேலை. அளவு சரியா என்று பார்ப்பது மனிதனின் வேலை. ஆகவே, ஒன்றைப் பத்தாகப் படியெடுப்பதற்கு முன், அந்த ஒன்றை மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்கும் பழக்கமே நல்ல வரைவாளரை உருவாக்குகிறது.