புழக்கடைக் குளத்தில் நீர் மாற்றும் முறை

சென்ற ஆண்டு மார்கழித் தொடக்கத்தில், கடன் கணக்குகளைச் சரிபார்க்கும் பொருட்டு அங்கத்தினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தறிக்கூடத்தை அடுத்து, கொங்கு நாட்டில் பொடக்காலி என்று வழங்கும் புழக்கடையில், பத்தடி நீளமும் எட்டடி அகலமும் உள்ள சிமிட்டிக் குளம் ஒன்று கட்டியிருந்தனர். நீரின் ஆழம் மூன்றடி. ரோகுவும் சாதாக் கெண்டையுமாக அறுபது மீன்கள் அதில் வளர்ந்துவந்தன. நீர் பச்சைப்பசேலென்று இருந்தது. நாம் கல்லூரியில் பயின்றது வணிகவியல். மீன் வளர்ப்பில் நமக்குப் பயிற்சி கிடையாது. எனினும் பார்வைக் குறிப்பேட்டில், "குளத்தில் பாசி மிகுந்துள்ளது. தூய்மையாக வைத்தல் வேண்டும்" என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திரும்பினோம்.

பொங்கல் வந்தது. அவ்வீட்டார் நம் குறிப்பை மனத்திற் கொண்டு, மீன்களை அண்டாக்களில் பிடித்து வைத்துவிட்டு, குளத்து நீர் முழுவதையும் இறைத்தனர். சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துச் சலவைத் தூள் இட்டுக் கழுவினர். வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பில் எஞ்சியதைக் குளத்தின் உட்சுவருக்கும் பூசினர். மாலைக்குள் ஆழ்குழாய்க் கிணற்று நீரால் குளம் நிரம்பிற்று. அடித்தளம் தெரியும் அந்நீரில் மீன்களை விட்டனர். விடிந்து பார்க்கையில் அறுபதும் மிதந்தன. மாசியில் நாம் மீண்டும் சென்றபோது அவ்வீட்டு அம்மையார், "நீங்க எழுதி வெச்சபடிதானுங்க கழுவுனோம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அவ்வாண்டுத் தவணைக்கு அம்மீன்களையே அவர்கள் நம்பியிருந்தனர்.

அதன்பின் மீன்வளத் துறை சார்ந்தோரிடமும், பல ஆண்டுகளாகக் குளம் வைத்திருப்போரிடமும் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை இங்கு எழுதுகின்றோம். உழவர் கடன் அட்டை வசதி 2018-19ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையின்படி மீன் வளர்ப்போருக்கும் நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆதலின் ஒரு குளத்தின் நீர் கெடுவது சங்கத்தின் கணக்கையும் தொடும் செய்தியாகும்.

மீன் தன் உடற்கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுளின் வழியே நீரில் விடுகின்றது. தின்னாது எஞ்சிய பிண்ணாக்கும் தவிடும் அழுகி அதனோடு சேர்கின்றன. நாளொன்றுக்கு 200 கிராம் தீவனம் இடும் குளத்தில் 5 அல்லது 6 கிராம் அம்மோனியா நாள்தோறும் சேரும் எனலாம். அது அப்படியே தேங்குமாயின் ஒரு வாரத்தில் மீன் பிழைத்திராது. பிழைத்திருப்பதற்குக் காரணம், குளத்துச் சுவரிலும் அடிக் கற்களிலும் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள். ஒரு வகை உயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகை அதனை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றும். இவ்வுயிர்களின் தொழிலை 1890ஆம் ஆண்டையொட்டி வெளிப்படுத்தியவர் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர். நம் வயல் மண்ணில் தழைச்சத்தைப் பயிருக்கு ஏற்றபடி மாற்றித் தருவனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஒரு புதுக் குளத்தில் இவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாம் அழுக்கென்று கருதி நாரால் தேய்த்தெடுக்கச் செய்தது இந்த வழுவழுப்பைத்தான்.

பச்சை நிறமும் அவ்வாறே. அது நுண்பாசி. பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை நீரில் கலப்பது அது. இரவில் மட்டும் அதுவும் பிராணவாயுவை உட்கொள்ளும்; ஆதலின் பாசி மிக அடர்ந்த குளத்தில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். பாசி அளவாக உள்ளதா என்று அறியக் கருவி வேண்டியதில்லை. கையை நீருள் விடுக. முழங்கை நனையும் அளவிற்குச் சென்றபின் உள்ளங்கை மறையுமாயின் நன்று. அதற்கு முன்னரே மறைந்தால் பாசி மிகுதி; தீவனத்தைக் குறைத்து நீரை மாற்றுதல் வேண்டும்.

நுண்ணுயிர்களே தூய்மை செய்யுமாயின் நீரை மாற்றுவானேன் என்று அங்கத்தினர் சிலர் கேட்பர். கோவை வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ளது. கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆவியாகிப் போகும். மாதத்தில் அரையடி குறையும். குறைந்ததை ஊற்றி நிரப்பிவிட்டு, நீர் மாற்றியாயிற்று என்று பலர் எண்ணுகின்றனர். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பும் சுண்ணாம்பும் நைட்ரேட்டும் குளத்திலேயே தங்கிவிடும். மேலும் மேலும் ஊற்றும் நீர் தன் பங்கு உப்பையும் கொண்டுவரும். வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் வெள்ளைப் பொருக்குப் படிவதை யாவரும் கண்டிருப்பர். குளத்திலும் அதுவே நிகழ்கின்றது. பழைய நீரின் ஒரு பகுதியை வெளியேற்றிய பின்னரே புது நீரை விடுதல் வேண்டும்.

எவ்வளவு மாற்றுவது? நாம் கண்ட குளத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 6,800 லிட்டர் நீர் உண்டு. ஓர் அங்குல உயரத்திற்கு 190 லிட்டர். அதாவது கடைகளில் கிடைக்கும் 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. வாரம் இருமுறை இரண்டிரண்டு அங்குலமாக மாற்றினால் வாரத்தில் நான்கு அங்குலம், ஒன்பதில் ஒரு பங்கு ஆயிற்று. இரு பீப்பாய்கள் இருந்தால் இவ்வேலை நடந்துவிடும். எந்நிலையிலும் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றலாகாது.

வெளியேற்றும் நீரை மேலிருந்து மொண்டு ஊற்றுவதில் பயன் குறைவு. கழிவு தங்குவது அடியில். தோட்டத்துக் குழாய் ஒன்றின் முனையில் கொசுவலைத் துணியைக் கட்டி, நீர் நிரப்பி, ஒரு முனையைக் குளத்தின் அடியிலும் மறுமுனையைத் தாழ்ந்த தென்னம்பாத்தியிலும் வைத்தால் நீர் தானாகவே இறங்கும். மின்விசை தேவையில்லை.

இனிப் புது நீரைப் பற்றி விரிவாகக் கூறுதல் வேண்டும். மீன்கள் மடிவது பெரும்பாலும் பழைய நீரைக் காட்டிலும் புது நீரால்தான். கோவை நகரத்து வீடுகளில் குழாய்வழி வரும் சிறுவாணி நீரை "நல்ல தண்ணி" என்றும், ஆழ்குழாய் நீரை "உப்புத் தண்ணி" என்றும் பிரித்துச் சொல்வர். மனிதர் பருகுவதற்கு இப்பிரிவு பொருந்தும். மீன் அவ்வாறு பிரித்தறிவதில்லை. இரண்டிலும் அதற்கு இடர் உண்டு.

குழாய் நீரில் நோய்க்கிருமிகளை அழிக்கக் குளோரின் கலக்கின்றனர். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. மீனின் செவுளைப் புண்ணாக்க அதனினும் குறைந்த அளவே போதும். அதே குளோரின், சுவரில் வாழும் நுண்ணுயிர்களையும் கொல்லும். எனவே குழாய் நீரைப் பீப்பாயில் திறந்தபடி வெயிலில் ஒரு நாளாயினும், இயலுமாயின் இரு நாட்களும் வைத்துப் பின்னரே குளத்தில் சேர்த்தல் நலம். அவசரமாயின் பழைய புகைப்பட நிலையங்களில் பயன்பட்ட ஹைப்போ என்னும் உப்பு குளோரினை உடனே முறிக்கும். அலங்கார மீன் விற்கும் கடைகளில் இது சொட்டு மருந்தாகக் கிடைக்கின்றது. புட்டியின் மேல் குறித்த அளவு தவறலாகாது.

ஆழ்குழாய் நீரில் குளோரின் இல்லை. பிராணவாயுவும் ஏறக்குறைய இல்லை. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீராதலின் கரியமில வாயு மிகுந்திருக்கும், கடினத்தன்மையும் மிகுதி. அதனைக் குழாய் முனையைக் குளத்தினுள் அமிழ்த்தி விடுவது பெருந்தவறு. நான்கைந்து அடி உயரத்திலிருந்து, ஜல்லிக் கற்கள் இட்ட துளைப் பாத்திரத்தின் வழியே பூவாளி நீர்போல் விழச் செய்க. வேண்டாத வாயு வெளியேறிப் பிராணவாயு கலக்கும். மாடித் தொட்டியில் தேங்கிய நீரை நண்பகலில் திறந்தால் கை பொறுக்காத சூட்டில் வரும். அதனை நேரே குளத்தில் விடலாகாது. இரு நீர்களின் உஷ்ணமும் இரண்டு அல்லது மூன்று டிகிரிக்கு மேல் வேறுபடலாகாது. வெயில் ஏறத் தொடங்கிய காலைப் பொழுதே நீர் மாற்ற ஏற்றது. வடகிழக்குப் பருவமழையின்போது ஓட்டு நீரைச் சேமிக்க வசதியுடையோர், முதல் மழையை விட்டு அடுத்த மழையைப் பிடித்துவைத்தால் உப்புக் குறைந்த அருமையான நீர் கிடைக்கும். திறந்த கிணறு வற்றாமல் உள்ளோர் பேறு பெற்றோர்.

பல மாதங்கள் நீர் மாற்றாமலே விட்ட குளத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. இத்தகைய குளத்தில் காரத்தன்மை நாளடைவில் குறைந்துவிடுவதுண்டு. காரம் குறைந்த நீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி தீங்கற்ற வடிவில் அடங்கிக் கிடக்கும். பி.எச். அளவு 7 ஆக இருக்கையில் நஞ்சாக நிற்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே அளவு 9 ஆகும்போது, நம் ஊர் உஷ்ணத்தில், நூற்றில் 35 பங்குக்கு மேல் நஞ்சாகிவிடும். இந்நிலையில் குளத்தைத் தூய்மை செய்யும் ஆர்வத்தில் காரமான உப்புத் தண்ணீரைப் பாதிக் குளம் அளவிற்கு ஒரே நாளில் விட்டால், அடங்கிக் கிடந்த நஞ்சை நாமே எழுப்பியவர்களாவோம். இத்தகைய குளத்தில் நாளொன்றுக்கு ஓர் அங்குலம் வீதம் பதினைந்து இருபது நாட்கள் மாற்றி வருதல் வேண்டும். பி.எச். காகிதம் விலை குறைந்தது. ஒன்று வாங்கி வைக்கலாம். நாம் கண்ட வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு இக்காரத்தை மீன் தாங்கும் எல்லைக்கு மேல் உயர்த்திவிட்டது. அத்துடன் பிராணவாயு இல்லாத நீரும், சரிவர அலசப்படாத சலவைத் தூளும் சேர்ந்துகொண்டன. எது முதலில் கொன்றது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

நெசவாளர் இல்லங்களுக்கு மேலும் ஒரு செய்தி. சாயமிட்ட நூலை அலசிய நீர் குளத்துப் பக்கம் வரலாகாது. சாயத்தினும் கொடியவை அதனோடு வரும் காஸ்டிக்கும் ஹைட்ரோஸும். ஹைட்ரோஸ் நீரிலுள்ள பிராணவாயுவை நொடியில் உறிஞ்சிவிடும். பாவுக்குப் போட்ட கஞ்சி நீர் தீங்கற்றது என்பர். அதுவும் குளத்தில் புளித்து அழுகும்போது பிராணவாயுவைத் தின்னும். தோட்டத்தில் மருந்து தெளித்த கருவியைக் குளத்து மேட்டில் கழுவுவோரும் உண்டு. இவ்வட்டாரத்தில் இதற்குப் பெரியதொரு சான்று கண்முன் உள்ளது. பாசனத்திற்கென நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாகி, சுற்றியுள்ள கிணறுகளும் உப்பேறின. கழிவைச் சிறிதும் வெளிவிடாத முறையை மேற்கொள்ளாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. ஆற்றுக்கே அந்நிலையெனில் 6,800 லிட்டர் குளம் எம்மாத்திரம்!

வெளியேற்றிய நீர் வீணன்று. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் விடலாம். வியட்நாம் நாட்டு உழவர் தோட்டம், குளம், கொட்டில் மூன்றையும் ஒன்றாக இணைத்துக் குளத்துச் சேற்றைத் தோட்டத்திற்கு எருவாக்குகின்றனர். உப்பு மிகுந்த நீராயின் ஒரே மரத்திற்கு எப்போதும் விடாது மாற்றி மாற்றி விடுக. ஏரிக்கோ வாய்க்காலுக்கோ குளத்து நீரை விடவேண்டா. நீரோடு மீன்குஞ்சுகளும் சென்று பெருகக்கூடும்.

நீர் மாற்றும் தொல்லையே இல்லாத மீன் என்று சொல்லி ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சுகளை விற்போர் சிலர் ஊர்களில் வருகின்றனர். அம்மீன் காற்றையும் சுவாசிக்க வல்லதாதலின் சாக்கடை நீரிலும் பிழைக்கும். ஆற்றில் தப்பினால் நம் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். அதனை வளர்ப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. அதிகாரிகள் கண்டால் குளத்தோடு அழிப்பர். சங்கக் கடன் அதற்குக் கிடையாது.

நாம் கெடுத்த குளத்திற்கு வருவோம். சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி எடுத்தனர். நீர் நிரப்பி வாழைத் தண்டுகளை வெட்டிப் போட்டு ஊறவைத்து, இறைத்து, மீண்டும் நிரப்பி ஊறவைத்தனர். காரம் தணிந்தபின், அண்டை வீட்டுக் குளத்திலிருந்து பாசி படிந்த கற்களைக் கூடையில் கொணர்ந்து இட்டனர். நுண்ணுயிர் விரைவில் பெருக இதுவே எளிய வழி. முதலில் பத்துக் குஞ்சுகளை மட்டும் விட்டு, ஒரு மாதம் பொறுத்து மீதியை விட்டனர். தவணைக்குக் காலநீட்டிப்புக் கோரிய அவர்களது மனுவோடு, நம் குறிப்பையும் அதனால் நேர்ந்ததையும் எழுதி நாம் இணைத்தோம். நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டது.

ஆவணியில் சென்றபோது நீர் பச்சையாகவே இருந்தது. சட்டைக் கையை மடித்துக் கையை விட்டுப் பார்த்தோம். முழங்கை நனைந்தபின் உள்ளங்கை மறைந்தது. குறிப்பேட்டில் பழைய வாசகத்தைக் கோடிட்டு அடித்து, தேதியிட்டு, "நீர் பச்சை. சரியாக உள்ளது. வாரம் இருமுறை இரண்டு அங்குலம் மாற்றுகின்றனர்" என்று எழுதினோம்.