உங்களுக்குத் தெரியுமா? பூஜைக்கு வளர்க்கும் அரளி, நாய்க்கு நஞ்சு!

நெல்லைப் புறவாசல்களில் சாமிக்குப் பூப்பறிக்க வைத்திருக்கும் செவ்வரளியின் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே நாயின் இதயத் துடிப்பைக் குலைக்கும். காய்ந்து உதிர்ந்த சருகிலும் நஞ்சு இருக்கும். செடியை வெட்ட மனமில்லையா? வேலிக்கு வெளியே வையுங்கள், சருகைத் தினமும் கூட்டுங்கள்.

• அழகுக்கு வைக்கும் சைக்கஸ் செடியும் ஆபத்துதான். அதன் விதை கல்லீரலைக் கெடுக்கும்.

• நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது; பாதத்தில் கொஞ்சம், அவ்வளவே. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சித்திரை வெயிலில் சிமென்ட் தளம் பாதத்தைச் சுட்டுவிடும். புறவாசல் முழுக்கத் தளம் போடுவது நமக்குத்தான் வசதி!

• மேற்கே ஒரு வேம்பு நின்றால் பிற்பகல் வெயில் மறையும். அடியில் கொஞ்சம் வெறும் மண் விடுங்கள். வெயில் காலத்தில் நாய் குழி பறிப்பது பெரும்பாலும் குளிர்ந்த மண்ணைத் தேடித்தான், திட்டாதீர்கள்.

• சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் முயல் விரட்டிய வேட்டை இனங்கள். இடுப்பளவுச் சுவர் அவற்றுக்கு ஒரு தாவல்.

அரளியை மென்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்; திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.