வேலியும் வாயிலும்

“புலி வருகிறது” என்று பொய்க் கூச்சலிட்டு ஊராரை ஏய்த்த இடையச் சிறுவனின் கதையை நீங்கள் அறிவீர்கள். மெய்யாகவே புலி வந்த அன்று அவனைக் காக்க ஒருவரும் வரவில்லை. வேலிகளில் பொருத்தும் உணர்கருவிகளைப் பற்றிப் பேச வந்த எனக்கு அக்கதையே முதலில் நினைவுக்கு வருகிறது.

மின்நிலையம், விமான நிலையம் போன்ற இடங்களில் கம்பிவலை வேலியின்மீது உணர்வுக் கேபிள் ஒன்றைக் கட்டிச் செல்கிறார்கள். யாரேனும் வேலியில் ஏறினாலும், வலையை வெட்டினாலும் அது அதிர்கிறது. அவ்வதிர்வு கேபிளில் சிறு மின்குறியாக மாறிக் காவலறையில் மணியை ஒலிக்கச் செய்கிறது.

வேலி அசையாமல் நிற்பது. வாயிற்கதவோ அசைவதற்கென்றே அமைந்தது. தளர்ந்த கீலும் தொங்கும் சங்கிலியும் காற்றில் ஆடினால், கருவி அதைக் கள்வனென்றே கொள்ளும். ஒரு தொழிற்சாலையில், இரவெல்லாம் வீணே ஒலித்த மணியின்மேல் காவலர் துணியைச் சுற்றி வைத்திருந்ததை நான் கண்டேன். அவரை நான் குறை கூறவில்லை. கதவைச் செப்பனிடாமல் கருவியைப் பொருத்தியவர்களின் பிழை அது.

ஆகவே முதலில் கதவைச் செம்மை செய்ய வேண்டும். பிறகு, வேலிக் கேபிளை வாயிலுக்கு முன்பே நிறுத்தி, அதிர்வை உணராத இணைப்புக் கேபிளைப் பாதைக்கு அடியில் குழாய் வழியே கொண்டுசென்று, மறுபுறத்து வேலியோடு சேர்க்க வேண்டும். கதவின் தூணும் வேலியின் தூணும் தனித்தனியே நின்றால், கதவின் அதிர்ச்சி வலைக்குப் பரவாது. வாயில் தனிப் பிரிவாகிவிட்டால், பகலில் வண்டிகள் வந்துபோகும்போது அதனை மட்டும் ஓய்வில் வைக்கலாம். ஏனைய வேலி விழித்திருக்கும்.

கதவில் ஒரு காந்தம். தூணில், கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். கதவு மூடியிருக்கையில் காந்தத்தின் செயலால் தகடுகள் தொட்டு நிற்க, மின்னோட்டம் செல்லும். கதவைத் திறந்தாலும், கம்பியை அறுத்தாலும் ஓட்டம் நின்று மணி ஒலிக்கும். கதவைத் திறவாமல் ஏறிக் குதிப்பவனை இது அறியாது. அவனுக்காகவே வாயிலுக்குக் குறுக்கே அகச்சிவப்புக் கதிர்களை அமைக்கிறார்கள்.

வீண் மணியின் விளைவு சிறிதன்று. 2012 ஜூலை 28 அன்று, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் நகரிலுள்ள ஒய்-12 அணு ஆயுத நிலையத்தில், போரை எதிர்க்கும் மூவர் வேலிகளை வெட்டி நுழைந்து, யுரேனியக் கிடங்கின் சுவர்வரை சென்றனர். அவருள் ஒருவர் 82 வயதுக் கன்னியாஸ்திரீ. கருவிகள் எச்சரிக்கவே செய்தன. ஆனால், பழுதாகிக் கிடந்த காமிராக்களும் பழகிப்போன பொய் எச்சரிக்கைகளும் காவலைத் தளர்த்தியிருந்தன.

நாளை உங்களில் சிலர் பொறியாளர்களாகி இத்தகைய கருவிகளைப் பொருத்துவீர்கள். அப்போது, மணி ஒலிக்கிறதா என்று மட்டும் பாராதீர்கள். ஒலித்தால் காவலர் அதை நம்பி எழுவாரா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.